யோங்சானில் தங்கிய படை

1919 ஏப்ரல் 18. சியோல் நகரில், கொரியாவில் நிலைகொண்டிருந்த ஜப்பானியப் படையின் தலைமைத் தளபதி உத்சுனோமியா தாரோ தன் நாட்குறிப்பை எழுதுகிறார். மூன்று நாட்களுக்கு முன்பு, தலைநகருக்குத் தெற்கே ஜேயாம்ரி என்ற சிற்றூரில் அவருடைய சிப்பாய்கள் ஊர் ஆண்களைத் தேவாலயத்துக்குள் வரவழைத்துக் கதவடைத்துச் சுட்டார்கள். பிறகு கட்டடத்துக்கும் வீடுகளுக்கும் தீ வைத்தார்கள். பக்கத்து ஊரையும் சேர்த்து இறந்தவர்கள் 29 பேர். அயல்நாட்டுத் தூதரகத்தாரும் பத்திரிகையாளர் ஒருவரும் அதற்குள் அங்கே போய்ச் சாம்பலைப் பார்த்துவிட்டார்கள். இனி என்ன சொல்வது என்று அதிகாரிகள் கூடிப் பேசுகிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் விவகாரம் எளிதில் முடியும். ஆனால் கொன்றதையும் கொளுத்தியதையும் ஒப்புக்கொண்டதாகும், பேரரசுக்கு அது பெரும் இழுக்கு. ஆகவே, ஊரார் எதிர்த்தார்கள், அதனால் கொல்லப்பட்டார்கள் என்று சொல்வதென முடிவாகிறது. தலைமை தாங்கிய லெப்டினன்டுக்கு 30 நாள் காவல். அதுவும் அடக்கிய முறை சரியில்லை என்ற காரணம் காட்டி.

அதே நாளில் பிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கனடிய மிஷனரி சுவோன் வரை ரயிலில் போய், அங்கிருந்து சைக்கிள் மிதித்து ஜேயாம்ரிக்குப் போய்ச் சேர்ந்தார். இளமையில் வந்த நோயால் ஒரு காலும் ஒரு கையும் சரியாக இயங்காதவர். அவர் எடுத்த படங்கள் வெளிநாடுகளுக்குப் போயின. பொய்யை முடிவுசெய்த கூட்டமும் உண்மையைப் படமெடுத்த பயணமும் ஒரே தேதியில் நடந்திருக்கின்றன. ஸ்கோஃபீல்டுக்கு இன்று சியோல் தேசிய இடுகாட்டில் கல்லறை இருக்கிறது. தளபதியின் நாட்குறிப்போ 2007இல்தான் வெளியே வந்தது.

உத்சுனோமியாவை ஓர் அரக்கனாக எழுதிவிட்டுப் போவது எளிது. அந்த நாட்குறிப்பில் தெரிபவர் அப்படிப்பட்டவர் அல்லர். ஜப்பானின் கொரிய ஆட்சிமுறையில் தவறிருக்கிறது என்று நினைத்தவர். கொரியர்களோடு பேசிப் பழகியவர். அவருடைய மகன் உத்சுனோமியா தோகுமா பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகி, ஆயுதக் குறைப்புக்காகவும் கொரியாவோடு நல்லுறவுக்காகவும் வாழ்நாள் முழுக்கப் பேசினார். அப்படிப்பட்ட மனிதர்தான் அந்த இரவில் அந்த முடிவுக்குத் தலைமை தாங்கினார் என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்நிய மண்ணில் தங்கிவிட்ட ஒரு படை தன் அதிகாரிகளின் நல்லெண்ணத்துக்காகக் காத்திருப்பதில்லை. அது தங்கியிருக்க என்னென்ன தேவையோ அதையெல்லாம் நல்லவர்களைக் கொண்டும் செய்துகொள்ளும். யாரைக் காக்கப் போனதோ அவர்களை முதலில் அடக்கும். பிறகு தன்னை அனுப்பிய நாட்டையும் தன் இழுப்புக்கு இழுக்கும். கொரியாவில் இருந்த ஜப்பானியப் படையின் கதை நாற்பதாண்டுக் காலத்தில் இவ்விரண்டையும் காட்டிவிடுகிறது.

அதன் வித்து 1882இல் விழுந்தது. கொரிய மன்னரின் பழைய படை வீரர்களுக்கு ஓராண்டுக்கும் மேலாகச் சம்பளம் இல்லை. கடைசியில் அளந்து கொடுத்த அரிசியில் உமியும் மணலும் கலந்திருந்தன. வீரர்கள் வெகுண்டெழுந்தார்கள், ஜப்பானியத் தூதரகமும் தாக்குதலுக்கு ஆளானது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கையெழுத்தான செமுல்போ உடன்படிக்கையில் நஷ்டஈட்டோடு கூட ஒரு வரி நுழைந்தது: தூதரகத்தைக் காக்க ஜப்பான் சிப்பாய்களை வைத்துக்கொள்ளலாம். கலகத்தை அடக்க வந்த சீனப் படை சியோலின் தெற்கே முகாமிட்டது. ஒரு மூட்டை மணல் அரிசியைச் சாக்காக வைத்து இரண்டு பேரரசுகள் உள்ளே வந்தன.

1904 ஜனவரியில், ரஷ்யாவும் ஜப்பானும் மோதப்போகும் நேரத்தில், கொரியா தன்னை நடுநிலை நாடாக அறிவித்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிப்ரவரியில் ஜப்பானியப் படை இன்சொனில் இறங்கியது. அந்த மாதம் 23ஆம் தேதியே, போருக்கு வேண்டிய இடங்களை ஜப்பான் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒப்பந்தம் முடிந்தது. மார்ச்சில் 'கொரியாவில் தங்கும் படை' என்ற பெயரில் ஒரு தலைமையகம் அமைந்தது. 1905இல் ரஷ்யாவோடு போர் முடிந்தது. படை திரும்பவில்லை. அந்த நவம்பரில் கொரியாவின் வெளியுறவு அதிகாரத்தைப் பறிக்கும் ஒப்பந்தத்துக்காக ஜப்பானின் சிறப்புத் தூதர் இதோ ஹிரோபுமி அரண்மனைக்குப் போனபோது, படைத் தளபதி ஹசெகாவா யோஷிமிச்சியும் கூடவே போனார். வெளியே சிப்பாய்கள் சூழ்ந்து நின்றார்கள். அந்தக் கையெழுத்து செல்லுமா என்று நூறாண்டாக வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் அரண்மனை வாசலிலேயே முடிந்துவிடுகிறது.

தங்குவதென்று ஆனபின் நிலம் வேண்டுமல்லவா. தென்மலை அடிவாரத்துக்கும் ஹான் ஆற்றுக்கும் நடுவே இருக்கும் யோங்சானைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே துன்ஜிமி என்று ஓர் ஊர் இருந்தது. வீடுகள், வயல்கள், மலைச்சரிவில் புதைமேடுகள். முதலில் கேட்ட பரப்பு இன்னும் மிகப் பெரிது. எதிர்ப்புக்குப் பிறகு சுருங்கி, கொரிய அளவையில் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பியோங், அதாவது நான்கு சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நிலம் படைக்குப் போனது. ஊர் பெயர்க்கப்பட்டது. முன்னோரின் புதைமேட்டைத் தொடுவது கொரியர்களுக்கு எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை அறிந்தவர்களுக்கு, அங்கே முதலில் தோண்டப்பட்டது எது என்று சொல்லத் தேவையில்லை.

1907 ஜூலையில் மன்னர் கொஜோங் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். ஆகஸ்ட் 1ஆம் தேதி கொரியாவின் சொந்தப் படை கலைக்கப்பட்டது. வீரர்களைப் பயிற்சிக்கு என்று ஆயுதமின்றி மைதானத்துக்கு வரவழைத்துக் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பாக் சுங்-ஹ்வான் என்ற பட்டாளத் தலைவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். செய்தி பரவியதும் அவருடைய வீரர்கள் ஆயுதக்கிடங்கை உடைத்துத் தெற்கு வாயில் பக்கம் நின்று சண்டையிட்டார்கள். எஞ்சியவர்கள் மலைகளுக்குப் போனார்கள். விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் பழைய பண்டிதர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். கொரியர்கள் இவர்களை அறப்படை என்று அழைத்தார்கள். லண்டன் பத்திரிகை ஒன்றின் நிருபரான மெக்கென்சி, அந்த இலையுதிர்காலத்தில் அவர்களைத் தேடிப் போனார். போகும் வழியில், முழுவதும் எரிந்துபோன ஜெச்சொன் நகரத்தைக் கண்டார். அவர் எடுத்த அறப்படையின் படம், பழைய துப்பாக்கிகளோடு ஒரு பையனும் நிற்கும் அந்தப் படம், கொரியப் பள்ளிப் பாடநூல்கள் வரை வந்திருக்கிறது.

அடக்குமுறையின் கணக்கு எதிரிகள் சொன்னதல்ல. படைத் தலைமையகமே 1913இல் ஒரு நூலாக அச்சிட்டது. கொன்ற 'கலகக்காரர்கள்' 17,000க்கும் மேல். தன் தரப்பில் இறந்தவர்கள் இருநூறுக்கும் கீழே. இதைப் போர் என்று எழுத என் பேனா கூசுகிறது.

1910இல் நாடு முழுவதுமாக இணைக்கப்பட்டதும் தெராவுச்சி மசாதாகே முதல் கவர்னர் ஜெனரல் ஆனார். ஊர்க்காவல் வேலை ராணுவப் போலீசிடம் போனது. மலாயா, சிங்கப்பூர்த் தமிழர்களின் பெரியவர்கள் 'கெம்பித்தாய்' என்று சொல்லும்போது குரல் தாழுமே, அதே கெம்பெய்தாய்தான். அங்கே மூன்றரை ஆண்டு. கொரியாவில் அது வரி வசூலிலும் சுகாதாரத்திலும் சில்லறைக் குற்றங்களிலும் ஏறத்தாழப் பத்தாண்டு தலையிட்டது. அதற்குக் கொரியர்களிலிருந்தே உதவியாளர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் காங் கி-தொங். கைதான அறப்படை வீரர்களைக் காவலிலிருந்து திறந்துவிட்டு, தானும் அவர்களோடு ஓடி, பிறகு ஒரு படைப்பிரிவுக்குத் தலைவரானார். 1911இல் பிடித்து யோங்சானில் வைத்துச் சுட்டார்கள். அந்தப் படையின் சம்பளத்தை வாங்கியவர் அதன் கையாலேயே இறந்தார். நினைவுச்சின்னங்களில் அவருக்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது கொரியாவுக்கு நேர்ந்தது. அதே காலத்தில் டோக்கியோவில் நடந்ததைப் பார்த்தால்தான் இந்தப் படையின் முழு உருவம் தெரியும். கொரியாவில் சுழற்சி முறையில் வந்துபோகும் துருப்புகள் போதாது, நிரந்தரமாக இரண்டு டிவிஷன்கள் வேண்டும் என்று ராணுவம் கேட்டது. 1912இல் சைஓன்ஜி அமைச்சரவை பணமில்லை என்றது. ராணுவ அமைச்சர் உஎஹாரா பதவி விலகினார். அவருக்குப் பதில் ஆளனுப்ப ராணுவம் மறுத்தது. அமைச்சரவை கவிழ்ந்தது. தெருவில் மக்கள் கொந்தளித்தார்கள். அடுத்து வந்த அரசும் நிற்கவில்லை. கடைசியில் 1915இல் ராணுவம் கேட்டது கிடைத்தது. 19ஆம் டிவிஷன் வடகிழக்கில் நானாமிலும் 20ஆம் டிவிஷன் யோங்சானிலும் அமைந்தன. இன்னொருவர் மண்ணில் பாசறை கட்டுவதற்காகத் தன் நாட்டின் அரசையே ஒரு ராணுவம் கவிழ்த்தது. அப்போதே ஜப்பானிய மக்கள் இதைப் புரிந்துகொண்டு தெருவில் இறங்கினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் கோபம் வீணானது அவர்கள் குற்றமல்ல.

1918இல் படைக்கு 'சோசென் படை' என்று பெயர் மாறியது. மறு ஆண்டு மார்ச் 1ஆம் தேதி விடுதலை முழக்கம் நாடெங்கும் எழுந்தது. ஏப்ரலில் ஜேயாம்ரி எரிந்ததை மேலே சொல்லிவிட்டேன். 1920 அக்டோபரில் 19ஆம் டிவிஷன் எல்லை கடந்து, கொரியர்கள் குடியேறியிருந்த மஞ்சூரியாவின் கான்டோப் பகுதிக்குள் புகுந்தது. அங்கே சிங்ஷான்லி காடுகளில் கொரியப் போராளிகளிடம் அடி வாங்கியது. ஊர்களின் மீது பழி தீர்த்தது.

எல்லையைக் காக்க வைத்த படைக்கு எல்லை தாண்டுவது பழகிவிட்டது. 1931 செப்டம்பர் 18 இரவு, மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானின் குவாந்துங் படை தானே ரயில் பாதையில் வெடி வைத்துவிட்டுச் சீனர்கள் மேல் பழி போட்டது. அதைத் திட்டமிட்டவர்களில் ஒருவர் கர்னல் இதாகாகி செயிஷிரோ. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோசென் படைத் தளபதி ஹயாஷி செஞ்சூரோ உதவிக்குப் படை அனுப்ப விரும்பினார். நாட்டெல்லைக்கு வெளியே படையை நகர்த்தப் பேரரசரின் ஆணை வேண்டும், அது வரவில்லை. செப்டம்பர் 21 அன்று 39ஆம் கலப்புப் படையணி யாலு ஆற்றைத் தாண்டியது. ஆணையில்லாமல் படையை நகர்த்தும் தளபதிக்கு மரண தண்டனை வரை விதிக்க ராணுவச் சட்டத்தில் இடமிருந்தது. மறுநாள் அமைச்சரவை செலவுக்கு ஒப்புதல் அளித்தது. பத்திரிகைகள் அவரை 'எல்லை தாண்டிய தளபதி' என்று பாராட்டின. 1934இல் அவர் ராணுவ அமைச்சர். 1937இல் சில மாதங்களுக்குப் பிரதமர்.

இந்த ஒரு வாரத்தில் ஜப்பானியக் குடிமை அரசு செத்துப்போனது என்றே நான் கருதுகிறேன். பின்னால் நடந்த கொலைகளும் சதிகளும் ஏற்கெனவே விழுந்துகிடந்ததன் மேல் விழுந்த அடிகள். ஒரு தளபதி சட்டத்தை மீறினார், அரசு அந்த மீறலுக்குப் பணம் ஒதுக்கியது. அதற்குப்பின் கீழேயிருக்கும் எந்த அதிகாரி மேலேயிருப்பவருக்கு அஞ்சுவான்? 1938 ஜூலையில், சோவியத் எல்லையிலிருந்த சாங்குஃபெங் குன்று விவகாரத்தில் சோவியத் படைமீது பாய அனுமதி கேட்கப் போனபோது, பேரரசர் ஹிரோஹிதோ, இனித் தன் ஆணையின்றி ஒரு சிப்பாயும் நகரக் கூடாது என்று ராணுவ அமைச்சரைக் கடிந்துகொண்டார். அந்த அமைச்சர் இதாகாகிதான். பத்து நாள் கழித்து 19ஆம் டிவிஷனின் தளபதி தன் பொறுப்பில் இரவுத் தாக்குதல் நடத்தினார். 500க்கும் மேற்பட்ட ஜப்பானியச் சிப்பாய்கள் ஒரு குன்றுக்காக இறந்தார்கள். குன்றும் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டிலேயே கொரியர்களைச் சிறப்புத் தொண்டர்களாகப் படையில் சேர்க்கத் தொடங்கினார்கள். முதலாண்டில் எடுத்தது 400 பேரை. 1943இல் விண்ணப்பித்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல் என்று அரசு பெருமைப்பட்டது. ஊர்ப் போலீஸ்காரர் வீடுவீடாகப் போய் 'விருப்பம்' கேட்ட காலம் அது. 1944இல் கட்டாய ஆள்சேர்ப்பு வந்தது; அந்த ஜனவரியில் கல்லூரி மாணவர்கள் 4,000 பேருக்கு மேல் ஒரே நாளில் பாசறைகளுக்குள் போனார்கள். அவர்களில் சாங் ஜுன்-ஹா ஒருவர். சீனாவில் ஷுசோவுக்கு அனுப்பப்பட்டு, ஜூலையில் முகாமிலிருந்து தப்பி, மாதக்கணக்கில் நடந்து, கொரியத் தற்காலிக அரசு இருந்த சோங்சிங்கை அடைந்தார். நடுவே லின்சுவானில் தங்கியிருந்தபோது, தப்பிவந்த நண்பர்களோடு சேர்ந்து 'விளக்கு' என்ற பெயரில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். அச்சகம் இல்லை, சந்தா இல்லை. கைமாறிப் படிக்கக் கொஞ்சம் பேர். பின்னாளில் அவர் தொடங்கிய 'சசாங்க்யே' தென்கொரியாவின் சிந்தனைப் போக்கையே மாற்றிய இதழானது. அதன் வேர் அந்தக் கையெழுத்துத் தாள்களில் இருக்கிறது. சிறுபத்திரிகையோடு வாழ்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட நெருக்கமான வீரச் செய்தி வேறென்ன வேண்டும்.

இதாகாகிக்கு வருவோம். 1941 முதல் அவர் சோசென் படையின் தளபதி. 1942 வசந்தத்தில், வெள்ளைக்காரக் கைதிகளைக் கொரியாவுக்கு அனுப்புமாறு டோக்கியோவிடம் கேட்டார். ஜப்பானின் வலிமையைக் கொரியர்கள் கண்ணால் காண வேண்டும், வெள்ளையர் மீதுள்ள மதிப்பு அவர்கள் மனத்திலிருந்து போக வேண்டும் என்பது நோக்கம். சிங்கப்பூரில் பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் சுமார் 1,000 பேர் 'ஃபுக்காய் மாரு' என்ற கப்பலில் ஏற்றப்பட்டு, அந்தச் செப்டம்பரில் பூசான் துறைமுகத்தில் இறக்கப்பட்டார்கள். மெலிந்து நோயுற்றிருந்தவர்களை இரு மருங்கும் கூட்டம் நிறுத்திய தெருக்களில் நடத்திக் காட்டினார்கள்.

எதிர்த்திசையிலும் ஆட்கள் போனார்கள். பூசானில் இரண்டு மாதம் பயிற்சி கொடுத்து, கைதி முகாம் காவலர்களாக 3,000 கொரிய இளைஞர்களைத் தாய்லாந்துக்கும் மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் அனுப்பினார்கள். சிப்பாய் என்ற தகுதிகூட இல்லை; படையின் கடைசிப் படியிலும் கீழே இருந்த கூலி ஆட்கள். பயிற்சியில் முக்கியப் பாடம் கன்னத்தில் அறைவது. பலர் போய்ச் சேர்ந்தது சயாம் – பர்மா ரயில் பாதைக்கு. 415 கிலோமீட்டர் நீளம். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட 70,000க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்தக் காட்டில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்களை நம் மலேசிய எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பாதையைக் கட்டச் சொன்ன தென்திசைப் படையின் தலைவர் தெராவுச்சி ஹிசாயிச்சி. கொரியாவின் முதல் கவர்னர் ஜெனரலின் மகன். தந்தை கொரியாவில் கட்டிய அதிகாரமும் மகன் காட்டில் செலவழித்த உயிர்களும் எனக்கு ஒரே குடும்பக் கணக்காகத் தெரிகின்றன.

1945 பிப்ரவரியில் சோசென் படை என்ற பெயர் மறைந்து 17ஆம் பிரதேசப் படை என்றானது. ஏப்ரலில் இதாகாகி சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டார். செப்டம்பர் 12 அன்று, நோயுற்றிருந்த தெராவுச்சியின் சார்பில், சிங்கப்பூர் நகரமன்றக் கட்டடத்தில் மவுன்ட்பேட்டன் முன் சரணில் கையெழுத்திட்டவர் அவரே. 1948 டிசம்பரில் டோக்கியோவில் தூக்கிலிடப்பட்டார். சியோலில் சரண் நடந்தது செப்டம்பர் 9இல். ஜப்பானியக் கொடி இறங்கியது. ஏறியது அமெரிக்கக் கொடி. 38ஆம் அட்சரேகைக்கு வடக்கே இருக்கும் ஜப்பானியத் துருப்புகள் சோவியத்திடமும் தெற்கே இருப்பவர்கள் அமெரிக்காவிடமும் சரணடைய வேண்டும் என்ற ஏற்பாடு, படைகளைக் கலைப்பதற்கென்று வந்தது. படைகள் கலைந்தன, கோடு தங்கிவிட்டது.

யோங்சானும் தன் ஊராருக்குத் திரும்பவில்லை. காலியான பாசறைகளில் அமெரிக்கத் துருப்புகள் குடியேறின. இடையே ஓராண்டு வெளியேறியதைத் தவிர, 2018இல் தலைமையகம் பியோங்தெக்குக்கு மாறும்வரை அங்கேயே இருந்தன. ஜப்பானியர் கட்டிய செங்கல் சிறைச்சாலையின் மதில்கூட அங்கே நின்றது. இப்போது பகுதி பகுதியாக நிலம் திரும்புகிறது. மண்ணில் எண்ணெய்க் கசிவின் மாசு இருக்கிறது.

கைதி முகாம்களுக்குப் போன அந்தக் கொரியக் காவலர்களின் முடிவைச் சொல்லியாக வேண்டும். போர்க்குற்ற விசாரணைகளில் 148 கொரியர்கள் தண்டனை பெற்றார்கள். 23 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. தண்டிக்கும்போது ஜப்பானியர் என்று கணக்கு. 1952இல் ஜப்பான் இறையாண்மை பெற்றபோது கொரியர்களின் ஜப்பானியக் குடியுரிமை போனது. ஆனாலும் சிறையிலிருந்து விடவில்லை. வெளியே வந்தபின் ஜப்பானிய வீரர்களுக்குக் கிடைத்த ஓய்வூதியம் கேட்டால், நீங்கள் ஜப்பானியர் அல்ல என்று பதில். அவர்களில் ஈ ஹக்-ரே 17 வயதில் காவலரானவர். ஹின்டோக் முகாமில் நோயாளிக் கைதிகளை வேலைக்கு விரட்டியதற்காகச் சாங்கி சிறையில் தூக்குத் தண்டனை பெற்று, அது 20 ஆண்டாகக் குறைக்கப்பட்டவர். 1991இல் கான்பெராவில், அந்த முகாமில் கைதியாயிருந்த டாக்டர் வியரி டன்லப்பை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டு, ஒரு கடிகாரத்தைக் கொடுத்தார். தன் குற்றத்தை அவர் மறுக்கவில்லை. தன்னை அந்த இடத்தில் நிறுத்திய அரசும் தன் பங்கை ஏற்க வேண்டும் என்றார். அவர்களுக்கு நிவாரணம் தரும் மசோதா 2008இல் ஜப்பானிய நாடாளுமன்றத்துக்கு வந்து, விவாதமின்றிக் காலாவதியானது. ஈ 2021 மார்ச்சில், 96ஆம் வயதில் இறந்தார். அதுவரை தண்டனை பெற்ற கொரியர்களின் சங்கத்துக்காக நாடாளுமன்றப் படியேறிக்கொண்டிருந்தார். சட்டம் இன்றுவரை வரவில்லை. காஞ்சனபுரியில் நேசநாட்டு வீரர்களின் கல்லறைகளில் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்க, தோட்டத்துத் தமிழர்களின் பெயர்ப் பட்டியலை எந்த அரசும் தயாரிக்கவில்லை.